பதினாறில் இரண்டு

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் 'ரெண்டு மேடம்' என்று பெயர். அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நான் அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் கவுண்டரில் நோயாளிகளின் பெயரைப் பதிகிறேன். சர்வர் மெதுவானால் திட்டு வாங்குவது நான்தான். அதனால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

நாளெல்லாம் புதுப் பதிவுகள் ஏற ஏற, டேட்டாபேஸில் அடுக்கு கலைந்துபோகும். அவ்வப்போது திரும்ப அடுக்காவிட்டால் ஒரு பெயரைத் தேடுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு ஏது விடுமுறை? கூட்டம் இருக்கும்போதே அடுக்கியாக வேண்டும். சர்வரில் பதினாறு பிராசஸர்கள். அக்கா இரண்டை மட்டும் அந்த வேலைக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் கவுண்டர்களுக்கும் வார்டுகளுக்கும் விட்டுவிடுவாள். வரிசை நீண்டால், கையிலிருக்கும் பகுதி முடிந்ததும் அந்த இரண்டையும் நிறுத்தி வைப்பாள். வேலை ஆமை வேகம்தான், ஆனால் அது நடப்பதே யாருக்கும் தெரியாது.

அதுதான் எங்கள் நிர்வாக அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

"பதினாறு வாங்கிக் குடுத்திருக்கு. மீதி பதினாலும் சும்மா உக்காந்திருக்கா?"

"சும்மா இல்ல சார், ஜனங்களுக்கு வேலை செய்யுது."

மாதம் நாலு முறை இதையே கேட்பார். அவளும் அதையே சொல்வாள். எனக்குத்தான் காது புளித்துப்போனது. போன மாதம் கரண்ட் கோளாறால் கவுண்டர்கள் நின்றதற்குக்கூட, "இன்னொரு தடவை நின்னா வேற வேலை தேடிக்கோங்க" என்று எல்லார் முன்னாலும் அவளிடம் சொல்லிவிட்டார். எங்கள் வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

திங்கட்கிழமை காலை அக்கா அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போயிருந்தாள். பத்தரைக்கு என் திரை அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஐம்பது பேர். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு அம்மா, "என்னம்மா, தூங்குறியா?" என்று கத்தினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெறும் தாளில் பெயரெழுதிக் கொடுத்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டேன்.

மரத்துப்போன வாயோடு ஓடி வந்தாள். பார்த்தால் இரண்டு, பதினாறாக மாறியிருந்தது. தன் அறையில் உட்கார்ந்தபடியே மாற்றியது அதிகாரி. அக்கா உடனே நிறுத்தினாள். ஆனால் ஒரு பகுதியை அடுக்கும்போதே பாதியில் நிறுத்தினால், அதில் செய்ததையெல்லாம் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் அது ஓயும். அதில் இன்னும் இருபது நிமிடம் போனது.

மத்தியானம் அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவள் இருக்கையில் இல்லாததால் கவுண்டர்கள் நின்றனவாம், விளக்கம் வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. பேனாவை எடுத்து, கடிதத்தின் அடியிலேயே எழுதினாள்: மாற்றிய நேரம் பத்து இருபத்தெட்டு, மாற்றியது உங்கள் லாகின், இரண்டு பதினாறாக. கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் படித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை தப்பியது என்று மூச்சு விட்டேன். மறுநாள் காலை அக்கா என் கவுண்டர் பக்கம் வந்திருந்தாள். மனிதர் மறுபடியும் வந்து நின்றார்.

"சரிம்மா, பதினாறு வேணாம். ஒரு எட்டு போட்டா என்ன?"

"போடுறேன் சார். முடியிற வரைக்கும் நீங்க இந்தக் கவுண்டர்ல உக்காருங்க."

நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், எதிரே நின்ற வரிசையைப் பார்த்தார்.

"ரெண்டே இருக்கட்டும்," என்றார்.