தூண் வைத்த வீட்டு மாப்பிள்ளைகள்

"அத்தான், நீங்கள் முந்தி இருந்த அந்தத் தூண் வைச்ச வெள்ளை வீட்டை ஒருக்கா காட்டுங்கோவன்!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் என் மச்சான் ரகு இப்படிக் கேட்டான். நான் இன்னோர் இடியப்பத்தை எடுத்துத் தட்டில் போட்டேன்.

ரகு என் மனைவி வதனியின் தம்பி. லண்டனில் இருக்கிறான். இரண்டு கிழமை லீவில் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். கலியாணம் பேசின காலத்தில் நான் ஊருக்கு அனுப்பிய படத்தை அவனும் பார்த்தவன்.

"அப்பா அந்தப் படத்தைப் பாத்திட்டுத்தானே ஓமெண்டவர். வீடே இப்பிடியெண்டா மாப்பிள்ளை எப்பிடி இருப்பாரெண்டு..."

நான் வதனியைப் பார்த்தேன். அவள் சம்பலைப் பார்த்தாள்.

அந்தப் படத்தின் கதையை உங்களுக்கும் நான் இதுவரை சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்... வேறென்ன?

எண்பத்திமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த நாங்கள் ஏழு பெடியள், பார்க்டேல் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்ற் எடுத்திருந்தோம். பதினாலாம் மாடி. லிஃப்றில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலுதான். பதின்மூன்று ராசியில்லையாம்! கட்டடமா அது? ஊத்தைச் சாம்பல் நிறக் கொங்கிறீற். பல்கனிக் கம்பிகளில் இருந்து துருக்கறை வழிந்திருக்கும். பிளான் கீறினவன் ஜன்னலுக்கு மட்டும் வரிவரியாகக் கோடு போட்டுவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று எழும்பிப் போயிருக்கிறான்.

இந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து கடிதம் — "பெண் பேசுகிறோம், நல்ல படமாக ஒன்று அனுப்பு." அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தால் ஆர் பெண் தருவார்கள்?

நாலு தெரு தள்ளி ஒரு வெள்ளை வீடு இருந்தது. உயரமான தூண்கள், அகலப் படிகள், முற்றம் முழுக்கப் பனி. ஏழு பேருக்கும் பொதுவாக ஒரேயொரு தோல் ஜக்கெற். அதைப் போட்டுக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து, இடுப்பில் கையை வைத்து, ஒரு சிரிப்பு! சத்தியமாகப் பொய் ஒன்றும் எழுதவில்லை. "கனடாவில் நான்" என்று மட்டும் பின்பக்கத்தில் எழுதினேன். மிச்சத்தை மாமனார் தானாகவே வாசித்துக்கொண்டார்.

பனி உருகின பிறகுதான் முற்றத்துப் பலகை வெளியே தெரிந்தது. ஃபியூனரல் ஹோம்! கொழும்பில் இருந்தவர்களுக்கு மலர்ச்சாலை என்றால் விளங்கும். செத்தவர்களைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, பார்வைக்கு வைக்கிற இடம். படம் ஊருக்குப் போய், கலியாணப் பேச்சும் முற்றாகிவிட்டிருந்தது. இனி என்ன செய்ய?

எண்பத்தாறு மாசியில் வதனி வந்தாள். அதே கட்டடத்தில் எங்களுக்கென்று தனியாக ஓர் அறை எடுத்திருந்தேன். கார் வாசலில் நின்றதும் அண்ணாந்து பார்த்தாள்.

"உது ஆற்றை வீடு?"

"எங்கட..."

"அப்ப படத்தில இருக்கிறது?"

"அது... கிட்டத்தான்."

நாலாம் நாள், கடைக்குப் போகிற வழியில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் நீளமான கறுப்புக் கார். நான் கால் வைத்துச் சிரித்த அதே படியால், ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள்!

அவள் சத்தம் போடவில்லை. "இன்னும் என்னென்ன பொய் இருக்கு?" என்று ஒரேயொரு தடவை கேட்டாள். பிறகு மூன்று நாள் வாயே திறக்கவில்லை. தாய் தகப்பனை விட்டு, என்னை நம்பி வந்த பிள்ளை. திரும்பிப் போகப்போறன் என்று சொன்னால் எந்த முகத்தோடு மறிப்பேன்? உண்மையாகவே பயந்துபோனேன்.

மூன்றாம் நாள் லிஃப்ற் பழுது. (கிழமைக்கு ஒரு தடவை அதற்கு லீவு.) தோளில் அரிசி மூட்டையோடு நான் ஏற, பின்னால் அவள் ஊமையாக ஏறினாள். ஆறாம் மாடியில் எனக்கு மூச்சு முட்டி, மூட்டையை இறக்கி வைத்தேன். அந்த மாடியில் இருக்கிற மட்டக்களப்பு அன்ரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"வாங்க மகள், தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுங்க." வதனியின் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "என்ன, அந்தப் படத்துப் பிரச்சினையா?"

நான் திடுக்கிட்டுப் போனேன். அன்ரி உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். "இது என்ட மகன். இவனும் அங்கதான் நிண்டு எடுத்தவன். இந்தக் கட்டடத்துப் பொடியன்மார் முழுப்பேரும் அப்பிடித்தான் மகள்!"

வதனி கைப்பையைத் திறந்து தன் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே வீடு. அதே படி. அதே ஜக்கெற்! எங்கள் ஜக்கெற் மாடிமாடியாக இரவல் போயிருக்கிறது. முகம் மட்டும்தான் வேறு.

வதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கனடாவில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிவிட்டேன், நீங்கள் சிரிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அங்கேதான். ஒரு வீட்டில் ஊரிலிருந்து போன் வந்தால், மாடி முழுக்கக் கதவு திறக்கும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, தனியாக ஒருவரும் கேட்டதில்லை. மகள் பிறந்து ஆஸ்பத்திரியால் வந்த அன்று வாசலில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக்கறி ஒரு சட்டி இருந்தது. வைத்தது ஆரென்று இன்றுவரை தெரியாது. இப்போது ஒரு வருடமாக ஸ்காபரோவில் சொந்த வீடு, புல்தரை, ரோஜாச் செடி எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்தான் தெரியாது. அந்த அவலட்சணக் கட்டடத்தை நினைத்தால் நெஞ்சு ஏங்குகிறது ஐயா!

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வேறு வழியில்லாமல் ரகுவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பார்க்டேலுக்குப் போனோம். சிவப்பு லைற்றில் நின்றபோது அவன் ஜன்னலால் அண்ணாந்து பார்த்தான்.

"ஐயோ அத்தான், உதென்ன கண்றாவி! இங்கிலாந்திலயும் உப்பிடித்தான். வடிவான பழைய ரவுனுகளுக்கு நடுவில கொங்கிறீற் பெட்டியளைக் கொண்டந்து நட்டு வைச்சிருக்கிறாங்கள். உதுகளை இடிச்சுத் தள்ள வேணும்!"

வந்த நாளிலிருந்து இந்த மூன்று வருடமாக என் மானத்தைக் காப்பாற்ற, வதனி தன் வீட்டுக்கு ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை.

"வாயைப் பொத்தடா! உதுதான் நாங்கள் இருந்த வீடு. இறங்கு... கமராவை எடு!"

நான் முழுக் கதையையும் சொன்னேன். ரகு கட்டடத்தை இன்னொருக்கா அண்ணாந்து பார்த்தான். "அப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றான்.

"படத்தை அனுப்பு. பின்னால நான் எழுதிறன்" என்றாள் வதனி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் இருந்தும், அந்தக் கட்டடம் இருக்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை! மகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் வாசலில் நின்றோம். "முழுக் கட்டடமும் படத்தில விழவேணும்" என்று வதனி கட்டளை போட, ரகு பின்னுக்குப் போய்ப் போய்த் தெருவின் மறுகரைக்கே போய்விட்டான். படத்தில் நாங்கள் எறும்பு அளவில்தான் இருப்போம். பரவாயில்லை.

திரும்பும் வழியில் அந்த வெள்ளை வீடு வந்தது. தூண்களுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். "இதுக்கு முன்னாலயும் ஒண்டு எடுப்பமே அத்தான்?" என்றான் ரகு, குறும்பாக.

நான் காரை நிறுத்தவில்லை. அங்கே எனக்கென்ன அவசரம்? ஒருநாள் அவங்களே கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவாங்கள்!