கதவிடுக்கில் வந்த சீட்டு

சான்பாடாவில் எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை பற்றி மகன் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்தான். "நேர்ல போய்ச் சொல்லேன்டா" என்றேன். ஏன் என்றான். சொன்னால் சிரிப்பான், உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில் செம்பூரில் ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரி, பாலக்காட்டு மாமி, தனியாக. மேலே நாங்களும் நூர்ஜகான் குடும்பமும். அவள் கணவருக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை; தைத்த பைகள் அவர்கள் வீட்டிலும் அடுக்கியிருக்கும். புதுத்தோல் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் மாமியின் சிரிப்புதான் கேட்கும். முட்டிவலியோடு படியேறி, நூர்ஜகான் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு வருவது சீட்டு. ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் காலடியில் கிடக்கும்: 'நாளை தண்ணீர் வராது.' கீழே கையெழுத்து வேறு.

ஒரு மே மாதச் சீட்டில், மழைக்கு முன் கூரையைப் பிரிக்க வேண்டும், பதினைந்து நாள் வேறு இடம் பார்க்கவும் என்றிருந்தது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். நூர்ஜகானிடம் ஓடினேன்.

"எங்ககிட்ட போன வாரமே கேட்டாவளே, எந்தத் தேதி தோதுப்படும்னு" என்றாள் வெகுளியாக.

கீழே போய்ப் பொரிந்தேன். அவளிடம் கேட்கத் தெரிந்தவருக்கு என்னிடம் கேட்கத் தெரியாதா? மாமி கண்ணாடியைக் கழற்றினாள்.

"எதானாலும் எழுத்தில வேணும்னு வந்த அன்னிக்கு நீதானே சொன்னாய்?"

சொல்லியிருந்தேன். டைப்பிஸ்ட் கர்வம்.

பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போய்விடுவேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாளாம். "கேட்டிருக்கணும். தப்புதான்" என்றாள். அந்த மழைக்குத் தார்ப்பாய் போட்டுச் சமாளித்தோம். கூரை வேலை பிள்ளை பிறந்த பிறகுதான் நடந்தது.

அதன்பின் என் வீட்டுக்கும் வந்தாள். ஆனால் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள். காலை நீட்டியதே இல்லை. பக்கத்தில் நூர்ஜகான் வீட்டில் அவள் சிரிக்கும்போது நான் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்ப்பேன்.

சில வருஷம் கழித்து மகள் வீட்டுக்குப் போன மாமி அங்கேயே இறந்தாள். தகவல் பட்டறைக்குத்தான் போன் வழியாக வந்தது. நூர்ஜகான் வந்து சொன்னாள். அழுகைக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இப்போது அந்த இடத்தில் பதினான்கு மாடி. நூர்ஜகானும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பொறாமைப்பட எனக்கு யாருமில்லை.