அப்பாவின் சவரம்

"…மத்ததெல்லாம் உங்க மொறைப்படி செஞ்சுக்குங்க. மொகத்துல மட்டும் வேற ஆரும் கத்தி வெக்கக்கூடாதுங்க" என்றாள் அம்மா.

முடிதிருத்துபவர் தோல்பையைத் திறந்தபடியே நின்றார். பந்தலுக்குக் கீழே பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். முகத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரித் தாடி. குளிப்பாட்டும் முன் அதை எடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

பெரியப்பாதான் கேட்டார். "அப்பறம் ஆரு பண்றது அம்மணி? அவனே எந்திரிச்சு உக்கோந்து பண்ணிக்குவானா?"

கேட்டதில் தப்பில்லை. அப்பா அப்படிப் பண்ணிக்கொண்டே வந்த மனுஷன்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில் கேட்டில் வாட்ச்மேனாக நின்றார். மூஞ்சி வழித்தால்தான் டூட்டி ஆரம்பம் என்பார். தினமும் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, எனாமல் கப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காய்ச்சலென்றாலும் விட்டதில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சவரத்துக்கு வந்தவரிடம்கூட, உங்களுக்குச் சேரவேண்டிய மரியாதையை வாங்கிக்கொள்ளுங்கள், முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஆள்.

தொண்ணூறுகளின் நடுவில் வலது கை விழுந்துவிட்டது. விசாரித்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "மரத்துப்போச்சுங்க, அவ்வளவுதான்." முகம் மட்டும் பழையபடி மழமழவென்று இருந்தது. இடது கையிலேயே பழகிவிட்டதாகச் சொன்னார். தேங்காய் மூட்டை இறக்குகிறவர்களிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. பெரியப்பா தன் பையன்களைத் திட்டும்போதெல்லாம், ஒற்றைக் கையில் உங்கள் சித்தப்பன் எப்படி இருக்கிறான் பாருங்கள் என்றுதான் முடிப்பார்.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அப்பா முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முகவாயை இடது கையால் நிமிர்த்திப் பிடித்து, ரேசரை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணாலேயே போகச் சொன்னாள். தெருமுனைக்குப் போய் இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ் லேட்டா என்று அப்பா கேட்டார். ஆமாங்க என்றேன்.

கிளம்பும்போது அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். "நம்ம மூணு பேருக்குத் தெரிஞ்சாப் போதும் கண்ணு. அதுவும் மூணுன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

அப்பா அவளிடம் கேட்டிருந்தது இரண்டே இரண்டு. நீ செய்கிறாய் என்று வெளியே தெரியக்கூடாது. உன்னைத் தவிர வேறு யாரும் என் முகத்தைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில் வாய் குழறியபோதும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பந்தலுக்குக் கீழே நின்றபோது ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போய்விடும் என்று ஆகிவிட்டது. அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மகன்தானே, யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் ஒன்றுக்குக் காலில் ரப்பர் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா இன்னொரு தடவை கேட்டார். முடிதிருத்துபவர் பையை மெதுவாக மூடினார்.

அம்மா உள்ளே போய் எனாமல் கப்பையும் ரேசரையும் எடுத்து வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெந்நீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். கொஞ்சம் ஆறவிட்டாள். பிறகு இடது கையால் அவர் முகவாயை நிமிர்த்தி, காதோரத்திலிருந்து ஆரம்பித்தாள்.