பஸ்ஸைத் தாங்கும் ரோஜா

சாந்தகுமாரி வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் முதலில் முதுகைத்தான் காட்டுவாள். முகம் அப்புறம். கதவைத் திறக்கும் ராஜசேகரன் அவள் பின்னந்தலையைப் பார்ப்பார். காலையில் வைத்த ரோஜாவில் எத்தனை இதழ் மிச்சம், ஓரம் கருத்திருக்கிறதா, காம்பு தொங்கிவிட்டதா. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் "வா" என்பார். கல்யாணமான புதிதில், கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பில் தொடங்கிய பழக்கம் இது. அவள் ஓய்வு பெற்று, மயூர் விஹார் ஃபிளாட்டுக்குக் குடிவந்து, காய் வாங்க மட்டுமே வெளியே போகும் காலம் வரை தொடர்ந்தது.

ஆகஸ்ட் மாதம் ராஜசேகரன் இறந்தார். அதற்குப் பிறகு சாந்தகுமாரி பூ வைக்கவில்லை. வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அத்தை குஞ்சம்மாள்கூட ஊரிலிருந்து போன் செய்து, இந்தக் காலத்தில் அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்றாள். சாந்தகுமாரி சரி என்றாள். வைக்கவில்லை.

மகள் வைஷ்ணவிக்கு நொய்டாவில் வேலை. கார் உதிரிபாகங்களைக் குலுக்கி, சூடேற்றி, உப்புத் தண்ணீர் தெளித்து, எது முதலில் உடைகிறது என்று பார்க்கும் சோதனைக்கூடம். அப்பாவும் ஏறக்குறைய அதையேதான் மொட்டைமாடியில் செய்துகொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ராஜசேகரன் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். அவர்களுடைய முதல் டில்லிக் குளிர்காலத்தில் சந்தைக்கு மல்லிகை வரவில்லை. வெறும் பின்னலோடு சாந்தகுமாரி ஆபீஸ் போனாள். குறை எதுவும் சொல்லவில்லை. அவர் ஒரு ஒட்டு ரோஜாச் செடி வாங்கி வந்து தொட்டியில் வைத்தார். முதல் பூவை வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். மாலையில் வந்து திரும்பி நின்றபோது ஹேர்பின்னில் பச்சைக் காம்பு மட்டும் இருந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒப்பீடு. ரோஜா வளர்க்கும் மற்றவர்கள் பூவின் அளவு, நிறம், நோய்த் தாக்குதல் என்று மூன்றைப் பார்த்தார்கள். ராஜசேகரன் நான்காவதாகத் தலையையும் பார்த்தார். கிளாடியேட்டர் ரகம் கைகொள்ளாமல் பூக்கும், ஆனால் பின்னலை இழுக்கும். பாப்பா மெய்லாண்டுக்கு அந்தக் கருஞ்சிவப்பும் வாசனையும் போதும். ஆனால் ஜனவரியில் தளிரெல்லாம் சாம்பல் நோய், தலையில் வைத்தாலோ மாலைக்குள் ஓரம் கருகும். ஐஸ்பர்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும், நோயும் குறைவு. வெள்ளை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஒரு செடியை அவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். நண்பர்கள் காரணம் கேட்டார்கள்.

"பூ நல்லாத்தான் இருக்கு. பஸ்ஸுக்கு ஆகாது."

போன பிப்ரவரியில் சத்தர்பூர் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து மூன்று புதுச் செடிகள் கொண்டுவந்தார். இன்னும் பெயர் வைக்காத ரகங்கள். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எண்கள்தான். முதல் வருஷம் செடி வேர் பிடிக்கட்டும் என்று வந்த மொட்டுகளையெல்லாம் கிள்ளிப் போட்டார். சாந்தகுமாரி பார்த்துவிட்டு, ஒன்றாவது விடக்கூடாதா என்று கேட்டாள். குளிர்காலம் வரைக்கும் பொறு என்றார்.

குளிர்காலம் வந்தது. அக்டோபரில் வைஷ்ணவியே கவாத்து செய்தாள். அவருடைய கத்தரியின் பிடியில் அவர் சுற்றிய கறுப்பு டேப் பிசுபிசுத்தது. அதை அவள் பிரிக்கவில்லை. வெட்டிய நுனிகள் கருகிக்கொண்டே இறங்கிவிடாமல் மருந்துப் பசை தடவினாள். அப்பா இல்லாததை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. ரோஜாக்களை ஒப்பிட முடிந்தது. தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் மாடிக்குப் போனாள்.

டிசம்பரில் சொசைட்டி செயலாளர் ஜகந்நாதன் வந்தார். மழையில் மேல்தளம் ஒழுகியதால் மொட்டைமாடி முழுக்க நீர்க்கசிவுப் பூச்சு போடப் போகிறார்கள். தொட்டிகள் எல்லாம் இறங்கியாக வேண்டும். வேண்டுமானால் காலனி பார்க்கில் வைத்துப் பராமரிக்கிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்கள் பால்கனியில் நான்கு தொட்டிக்குத்தான் இடம். அதுவும் காலை வெயில் மட்டும். டபுள் டிலைட் போன்ற ரகத்துக்கு அங்கே சிவப்பு ஏறாது, வெளிறிப்போகும்.

பால்கனியில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வைஷ்ணவி எந்த நாலு என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் பார்க்குக்கே குடுத்துடு."

வைஷ்ணவி விடவில்லை. மூன்று புதுச் செடிகளும் அப்போதுதான் பூத்திருந்தன. ஒன்பது பனிமூட்டத்தில்கூட ஒரு கரும்புள்ளி வாங்கவில்லை. நல்ல ஆரஞ்சு, மொட்டுக்கும் குறைவில்லை. ஏழு ஆரோக்கியம்தான், பூ கம்மி. பதினொன்று அடர்ந்த ரோஸ், அளவான பூ. ஆனால் இலையில் சாம்பல் பூத்திருந்தது. மூன்று அளவுகோலையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பதுக்கு முதலிடம், பதினொன்றுக்குக் கடைசி. நான்காவது பாக்கி. அதற்கு அவளிடம் தலை இல்லை. கழுத்தளவு வெட்டிய முடியில் பின் நிற்கவில்லை. கடைசியில் ஒன்பதை ஆபீஸ் பையின் பட்டையில் குத்திக்கொண்டு மெட்ரோவில் போனாள். கூட்டத்தில் ஒரு பையன், "தீதி, ஃபூல் கிர் ரஹா ஹை" என்று, விழுந்த பூவை மூன்று தடவை எடுத்துக் கொடுத்தான். மாலையில் நசுங்கிய பூவோடு வந்து, மறுபடி பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினாள்.

சாந்தகுமாரி சிரித்துவிட்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு வைஷ்ணவி கேட்ட முதல் சிரிப்பு.

"தலை வேறடி. பைக்குச் சூடு உண்டா, எண்ணெ உண்டா?"

"அப்ப நீ வெச்சுக் காட்டு. எனக்கு டேட்டா வேணும்."

"என்னை என்ன உன் ஆபீஸ் மெஷின்னு நெனச்சியா?"

"அப்பா அப்படித்தானே வெச்சிருந்தாரு."

சாந்தகுமாரி இன்னும் இரண்டு காயை உரித்துப் பாத்திரத்தில் போட்டாள். பிறகு தலைநிமிராமல் சொன்னாள்.

"சம்பிரதாயம்லாம் ஒண்ணும் இல்ல வைஷூ. வந்து திரும்பி நின்னா, பாக்கறதுக்கு ஆளு வேணாமா?"

வைஷ்ணவி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"நான் எண்ணுவேன்."

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வைஷ்ணவி ஜகந்நாதனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அனுப்பச் சொன்னாள். பதினொன்றை முதலில் பார்க்குக்கு அனுப்புவது என்று முடிவு செய்துகொண்டாள். பால்கனியில் மற்றதற்கும் சாம்பலைப் பரப்பிவிடும். ஒன்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அம்மா அதற்கும் வேண்டாம் என்றால் அதுவும் போகட்டும்.

சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது அம்மா இல்லை. முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போவதாக முந்தின இரவே சொல்லியிருந்தாள். வைஷ்ணவி காப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒன்பதில் பூக்கள் அப்படியே இருந்தன. ஏழிலும். பதினொன்றில் நேற்று பாதி விரிந்திருந்த பூவைக் காணோம். காம்பு ஐந்திலைக் கொத்துக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. ராஜசேகரன் வெட்டுவது போலவே. கத்தரி தொட்டி விளிம்பில் இருந்தது.

வைஷ்ணவி அங்கேயே உட்கார்ந்து ஆறிய காப்பியைக் குடித்தாள்.

மதியம் அழைப்புமணி அடித்தபோது ஓடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். கதவைத் திறந்தாள்.

வாசலில் அம்மாவின் முதுகு. இரண்டு கையிலும் பை, தோளில் சால்வை, நரைத்த கொண்டையின் இடப்பக்கம் அடர்ந்த ரோஸ் நிறப் பூ. வைஷ்ணவி பார்த்தாள். ஓரம் கருக்கவில்லை. காம்பு நிமிர்ந்திருந்தது. வெளி வரிசையில் ஓர் இடம் காலி. கண் கலங்கியதால் இன்னொரு முறை எண்ண வேண்டியிருந்தது.

"ஒண்ணு போச்சும்மா."

"அது பூவோட தப்பில்ல," என்றாள் சாந்தகுமாரி, இன்னும் திரும்பாமல். "மார்க்கெட்ல ஒருத்தன் கூடையால இடிச்சுட்டான். மெட்ரோல போக வர நின்னுதான் வந்தேன், அசையல. லிஃப்ட்ல ஜகந்நாதன் பாத்தாரு. பாத்துட்டு, நாளைக்கு ஆளுங்க வரணுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எம் பொண்ணு இன்னும் டெஸ்ட் முடிக்கலன்னேன்."

வைஷ்ணவி பைகளை வாங்கிக்கொண்டாள். இலையில் சாம்பல் இருக்கிறதே, பால்கனிக்குக் கொண்டுவந்தால் மற்றதற்கும் பரவுமே என்று இழுத்தாள்.

"மருந்தடிச்சுக்கலாம். நாளைக்கு ஒன்பதக் குடு, வெச்சுப் பாக்கறேன்," என்றாள் அம்மா.

"வா," என்றாள் வைஷ்ணவி.

சாந்தகுமாரி திரும்பினாள்.