ஆளுக்கொரு பிடி கொழுந்து

ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இலவச அறுவைச் சிகிச்சை முகாம். கொழுந்து பறிக்கும் செல்விக்கு முள் குத்திய புண், சர்க்கரை நோயால் கட்டைவிரலையே அழுக வைத்திருந்தது.

"அந்த விரல்லதானுங்க டாக்டர் கிள்ளறேன்," என்றார்.

"விட்டா கையே போயிடும்மா," என்று சொல்லி, விரலை எடுத்தேன்.

அடுத்த முகாமுக்குப் போனபோது, மழையில், கூலிக்காகக் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வியின் பை பாதிகூட நிரம்பவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளி அதில் போட்டார்கள். செல்வி தலைகுனிந்து நின்றார்.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"விரல் முளைக்கிற வரைக்குமுங்க."

அதன்பிறகு எந்த முகாமிலும் என் வேலையைச் சேவை என்று நான் சொல்லிக்கொண்டதில்லை.