படகில் ஏறாத வாத்தியங்கள்

எங்கள் ஊர் மில்லர்புரத்து நண்பர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார். அவரிடம் பழைய வாத்தியங்கள் ஓர் அறை நிறைய. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட வேண்டும். எதை வைப்பது என்று யோசனை கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார். என் சங்கீத ஞானத்தைப் பற்றி யாரோ அவருக்குத் தவறான தகவல் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பிடில் பெட்டியைத் திறந்தார். வில்லுக்குத் தேய்க்கிற பிசின்கட்டியின் வாசம் குப்பென்று வந்தது. நானே பெட்டியை மூடினேன்.

காரணம் என் அப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவர் கொழும்புக் கப்பலுக்கு டிக்கெட் எழுதும் குமாஸ்தா. அந்த நாளில் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நாம்தான் படகில் குலுங்கிக்கொண்டு போய் ஏற வேண்டும். ஓர் அலை அடித்தால் வேட்டியிலிருந்து சோற்றுப் பொட்டலம் வரை உப்புத் தண்ணீர். பிடிலையோ ஆர்மோனியத்தையோ மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள், அந்தப் படகைப் பார்த்ததும் அப்பாவிடம் திரும்பி வருவார்கள்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் வச்சிருங்க. வந்து வாங்கிக்கிடுதேன்."

"அதுக்கென்ன, போயிட்டு வாரும்."

வந்து வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. வராதவர்களால் எங்கள் முன்னறை நிறைந்தது. ஒரு வீணை, இரண்டு ஆர்மோனியம், குடத்தில் விரிசல் விட்ட தம்புரா, இரண்டு பிடில். எல்லாமே தலைமுறை கண்ட சாமான்கள். அப்பாவுக்கு ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்புக்காற்றின் பிசுபிசுப்பைத் துடைத்து இளவெயில் காட்டுவார். கூழ்வற்றலும் வீணையும் ஒரே முற்றத்தில் காயும். போகப்போக "நம்ம வீண, நம்ம பிடிலு" என்று பேச ஆரம்பித்துவிட்டார். உப்பளக் கம்பெனி ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நானும், எங்கள் வீட்டுச் சேகரிப்பு என்று ஆபீசில் அளந்துகொண்டிருந்தேன்.

யுத்தம் வந்தது, கப்பல் போக்குவரத்து தாறுமாறாயிற்று. அக்கா பிரசவத்துக்கு வந்தாள். அம்மா முன்னறையை ஒரு பார்வை பார்த்தாள்.

"பிள்ளைய எங்கன கிடத்த? வீணைக்கு மேலயா, கீழயா?"

"ஏளா, ஊரான் சாமான்லா. வந்து கேட்டா என்ன சொல்ல?"

"வருசக்கணக்கா வாரான் வாரான்னு சொல்லுதிய. யாரு வந்தா?"

அப்பா தெரிந்த விலாசங்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். பதில் இல்லை. பிறகு, வாசிக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்ற ஒரே பிடிவாதத்தோடு ஒவ்வொன்றாக அனுப்பிவைத்தார். சுமந்துபோனவன் நான். சங்கீதத்துக்கு நான் செய்த ஒரே சேவை அதுதான். ஒரு பிடில் மாதா கோயிலில் வாசிக்கிறவர் ஒருவருக்குப் போயிற்று. மற்ற பிடிலைக் கொடுக்க மட்டும் அப்பாவுக்கு மனம் வரவில்லை, வீட்டில் தங்கியது. அது, கொழும்பில் இருந்த தம்பியைத் தேடிப்போன மிக்கேல் வாத்தியாருடையது. தொட்டிலுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரில் தொங்கிற்று.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் சுடலைமுத்து என்பவர் வாசலில் நின்றார். கொழும்பில் கடைக் கணக்கெழுதப் போனவர். மாதா கோயிலுக்குப் போன பிடில் அவருடையது.

"சொகமா இருக்கியளா அண்ணாச்சி? நம்ம பிடிலு இருக்குல்லா?"

"இருக்கு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பிடிலை வாங்கியவர் அதையும் தூக்கிக்கொண்டு தோணியேறிக் கொழும்புக்கே போய்விட்டது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா சுவரிலிருந்த வாத்தியாரின் பிடிலை எடுத்து அதன் பெட்டியோடு கொடுத்தார். சுடலைமுத்து அதை மடியில் வைத்துப் புரட்டி முதுகைத் தடவினார். கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு சுருதி சேர்த்துக் கொஞ்சம் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன்.

"இங்கன ஒரு கீறல் கெடந்துது அண்ணாச்சி. எங்க மாமா கீழ போட்டது. ஒங்க வீட்டுல இருந்ததுல ஆறிப்போச்சு போல."

காப்பித் தம்ளரோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுடலைமுத்து விடவில்லை. "நல்லா வச்சிருக்கிய" என்று பெட்டியை மூடிக்கொண்டு, காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

"கண்டுபிடிச்சிட்டாம்ல" என்றார் அப்பா.

"கண்டுபிடிச்சா என்ன? ஒரு வார்த்த வையலயே" என்றாள் அம்மா.

"வஞ்சிருந்தா தேவலையே. இனி வாத்தியார் வந்தா என்னத்த எடுத்துக் குடுப்பேன்?"

அன்று முதல் கப்பல் வரும் நாளில் அப்பா கரையிறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். வாத்தியார் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட வருவார். வாத்தியார் வரவே இல்லை.

இப்போது புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கின்றன. அலை வேட்டியைத் தொடாது. ஆனால் ஏறுவதெல்லாம் மூட்டைகள்தான். கொழும்புக்கு டிக்கெட் எடுத்துப் போகிற ஆள் இல்லை. அப்பா இருந்த காலத்திலேயே, பயணிகள் கப்பல் இனி வராது என்ற செய்தி வந்த அன்று படகுக்காரர்கள் கவலையாக இருந்தார்கள், கடைக்காரர்கள் கவலையாக இருந்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, நெடுநாளைக்குப் பிறகு, இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். பாதியில் கை நின்றது.

"வாத்தியார் அங்கனயே மாட்டிக்கிட்டாருன்னா?" என்றார்.

அம்மா மோர் ஊற்ற வந்தாள். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார்.