பால் பொங்கும் வரை

திண்டிவனம் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பேய்ப்படத்துக்குத் தாமதமாக வருபவர்களை நேரே உள்ளே விடமாட்டார். மதியக் காட்சிக்கு ஓடி வந்த என்னையும் கதவருகே நிறுத்தினார்.

"ஆரம்பத்தைப் பார்க்காம போனா, பேய் மூஞ்சில பவுடர்தான் சார் தெரியும். கேளுங்க. அந்தம்மா அடுப்புல பால வெச்சிட்டு, புள்ளைக்குத் தலை வாரிக்கினு இருக்குது. நம்ம வூடு மாதிரியேதான். வாசல்ல யாரோ கூப்புடறாங்க. எழுந்து போவுது. இங்க பால் பொங்குது..."

அதோடு நிறுத்திவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

உள்ளே பேய் வந்தபோது எல்லோரும் அலறினார்கள். எனக்கோ, அந்த அடுப்பை யார் அணைத்தார்கள் என்றுதான் பதைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த பேய்ப்படத்துக்கு வேண்டுமென்றே பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.